ஆசனத்தின் விலை

வியன்னா நகரத்தில் ஹான்ஸ் லௌடா என்று ஒரு பெரிய மனிதர் இருந்தார். காகித ஆலைக் குடும்பம். ஆஸ்திரியத் தொழிலதிபர்கள் சங்கத்துக்குத் தலைவராக இருந்தவர். செஞ்சிலுவைச் சங்கத்துக்கும் தலைவர். அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை புறப்பட்டால் அந்த ஊர் பாங்குகளில் கதவுகள் திறக்கும். இன்னொரு வார்த்தை புறப்பட்டால் மூடிக்கொள்ளும். இப்பேர்ப்பட்டவருக்கு ஒரு பேரன் வாய்த்தான். நிக்கி என்று பெயர். 1949-ல் பிறந்தவன். படிப்பில் நாட்டமில்லை. யாரோ சிநேகிதியின் பள்ளியிறுதிச் சான்றிதழை வாங்கித் திருத்தி, தன் பெயரைப் போட்டு வீட்டில் காட்டியதாக அவனே பிற்காலத்தில் கூச்சமில்லாமல் சொல்லியிருக்கிறான். அவனுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. மோட்டார் பந்தயத்தில் ஓட்ட வேண்டும்.

சாதாரண மோட்டார் அல்ல. நாலு சக்கரமும் உடம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டு, கூரையில்லாமல், ஓட்டுகிறவன் குளியல் தொட்டியில் சாய்ந்து கிடப்பதுபோல் கிடந்து ஓட்டுகிற ஒற்றை ஆசன வண்டி. அதில் பல படிகள் உண்டு. ஃபார்முலா த்ரீ, ஃபார்முலா டூ, உச்சாணிக் கொம்பில் ஃபார்முலா ஒன். பள்ளிக்கூடத்தில் வகுப்பு வகுப்பாக ஏறுவதுபோல் ஏற வேண்டும் என்று நினைப்போம். ஏறலாம்தான். ஆனால் ஒவ்வொரு வகுப்புக்கும் கட்டணம் இருக்கிறது. அந்தக் கட்டணத்தைக் கேட்டால் நமக்குத் தலை சுற்றும்.

உலகத்தில் வேலைக்குப் போகிறவனுக்கு முதலாளி சம்பளம் கொடுப்பது வழக்கம். இந்தத் தொழிலில், ஆரம்பத்திலாவது, வேலைக்காரன் முதலாளிக்குப் பணம் கொண்டுவந்து கொடுக்கிறான். கொடுத்துவிட்டு உயிரையும் பணயம் வைக்கிறான். முதல் புத்தகத்தைக் கைக்காசு போட்டு அச்சடித்துத் தெருத்தெருவாகச் சுமந்த எழுத்தாளர்கள் நம்மிடையே நிறையப் பேர் உண்டு. அவர்களுக்கு இந்த ஏற்பாடு அவ்வளவு அதிசயமாகப் படாது. ஆனாலும் புத்தகம் விற்காவிட்டால் பரணில் ஏறும். தீப்பிடித்து எழுத்தாளனைக் கொல்லாது.

எப்போதும் இப்படித்தானா என்றால், இல்லை. இங்கிலாந்தில் கிரஹாம் ஹில் என்பவர் 1953-ல், தமக்கு இருபத்து நாலு வயது நடக்கும்போது, ஒரு விளம்பரத்தைப் பார்த்தார். பிராண்ட்ஸ் ஹாட்ச் மைதானத்தில் பந்தய வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்க்க ஐந்து ஷில்லிங். ஒரு பவுனைக் கொடுத்து நாலு சுற்றுச் சுற்றினார். அவ்வளவுதான், மனுஷனுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. கையில் காசில்லை. மெக்கானிக்காக உழைத்து, வண்டி ஓட்டக் கொடுங்கள் என்று வாசல் வாசலாக நின்று, லோட்டஸ் கம்பெனி நடத்திய காலின் சாப்மனைப் பேச்சாலேயே மடக்கி உள்ளே நுழைந்தார். 1962-ல் உலக சாம்பியன். ஒரு பவுனில் வாங்கிய பட்டம் என்றுகூடச் சொல்லலாம்.

அந்த நாளில் பந்தய வண்டிகளுக்கு நாட்டுக்கு ஒரு நிறம். இங்கிலாந்துக்குப் பச்சை, இத்தாலிக்குச் சிவப்பு, பிரான்சுக்கு நீலம். வண்டியின் உடம்பில் வியாபாரப் பெயரைப் பெரிதாக எழுதக் கூடாது என்பது விதி. 1968-ல் அந்த விதியைத் தளர்த்தினார்கள். அந்த வருஷம் ஜனவரி முதல் தேதி தென்னாப்பிரிக்கப் பந்தயத்தில் அந்தப் பக்கத்துச் சிகரெட் ஒன்றின் நிறத்தைப் பூசிக்கொண்டு இரண்டு வண்டிகள் வந்தன. சில மாதம் கழித்து சாப்மனும் தம் பச்சை லோட்டஸை அழித்து, 'கோல்ட் லீஃப்' சிகரெட் பெட்டியைப்போல் சிவப்பும் வெள்ளையும் தங்கமுமாக ஆக்கினார். மே மாதம் ஸ்பெயினில் ஹராமா மைதானத்தில் அந்தச் சிகரெட் பெட்டியை ஓட்டி ஜெயித்தவர் யார் தெரியுமா? நம் ஒரு பவுன் கிரஹாம் ஹில்தான். அந்த வருஷச் சாம்பியன் பட்டமும் அவருக்கே கிடைத்தது.

தேசக்கொடி இறங்கி சிகரெட் ஏறியதைப் பற்றி அங்கலாய்த்தவர்கள் உண்டு. எனக்கு அதில் பெரிய வருத்தமில்லை. கம்பெனிப் பணம் வந்த பிறகு வண்டிகள் விலை ஏறின; வண்டி விலை ஏறியதும் ஆசனத்தின் விலை ஏறியது. ஒரு பவுனுக்கு நாலு சுற்று என்ற காலம் போயிற்று. வருத்தம் அங்கேதான். திறமையோடு வருகிற பையனைப் பார்த்து, "எவ்வளவு வேகமாய் ஓட்டுவாய்?" என்று கேட்பதற்கு முன், "உனக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள்?" என்று கேட்கும் காலம் வந்துவிட்டது.

நிக்கி லௌடாவுக்குப் பின்னால் தாத்தா இருந்தார். ஆனால் தடுப்பதற்காக இருந்தார்.

மார்ச் என்று ஒரு புதிய கம்பெனி இங்கிலாந்தில் பைஸ்டர் என்னும் ஊரில் 1969-ல் கிளம்பியிருந்தது. மோஸ்லி, ஆலன் ரீஸ், கோக்கர், ஹெர்ட் என்ற நாலு பேரின் எழுத்துக்களைச் சேர்த்து வைத்த பெயர். நாலு பேருக்கும் துணிச்சல் இருந்த அளவுக்குப் பணம் இல்லை. ஆகவே பணத்தோடு வருகிற வாலிபர்களுக்கு அங்கே எப்போதும் நல்வரவு. லௌடா 1971-ல் அவர்களுடைய ஃபார்முலா டூ கோஷ்டியில் ஆசனம் வாங்கினான். அந்த வருஷம் சொந்த நாட்டில் நடந்த ஒரே ஒரு ஃபார்முலா ஒன் பந்தயத்தில் தலை காட்டினான். அடுத்த வருஷம் இரண்டிலும் முழு நேரம் ஓட்ட வேண்டுமென்றால் இன்னும் பெரிய தொகை தேவை. வியன்னாவில் ஒரு பாங்கு சம்மதித்தது. விஷயம் தாத்தா காதுக்கு எட்டியது. அவர் தமக்குத் தெரிந்தவர்களிடம் ஒரு வார்த்தை சொன்னார். பாங்கு பின்வாங்கியது.

பேரன் போனில் கூப்பிட்டுக் கேட்டானாம். லௌடா குடும்பத்துப் பெயர் பத்திரிகையில் வர்த்தகப் பக்கத்தில் வர வேண்டுமே தவிர விளையாட்டுப் பக்கத்தில் வரக் கூடாது என்பது தாத்தாவின் கட்சி. அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது. பெரியவர் 1974-ல் காலமாகிவிட்டார். பேரன் 1975-ல் உலக சாம்பியன் ஆனபோது எந்தப் பக்கத்தில் செய்தி வந்தது என்று பார்க்க அவர் இல்லை. கதை எழுதுகிறவனாக இருந்தால் அவரை ஒரு வருஷம் கூடுதலாக உயிரோடு வைத்திருப்பேன். சரித்திரத்துக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது.

ரைஃபைசன் என்ற மற்றொரு பாங்கு கடன் கொடுத்தது. இந்தக் கடன்களுக்கு அவன் என்ன ஈடு காட்டினான் என்பதுதான் என்னை உட்கார வைத்து யோசிக்க வைத்த விஷயம். நிலமா, வீடா, நகையா? அவன் பெயரில் ஒன்றும் இல்லை. ஆயுள் இன்ஷூரன்ஸ் பாலிஸி ஒன்றை எடுத்து அதை ஈடாக வைத்தான். அதாவது, ஓட்டி ஜெயித்தால் பரிசுப் பணத்தில் கடன் அடையும். ஓட்டும்போது செத்தால் இன்ஷூரன்ஸ் பணத்தில் கடன் அடையும். பாங்குக்கு இரண்டு வழியிலும் பயமில்லை. நடுவில் ஒரு மூன்றாவது வழிதான் ஆபத்து: சாகாமல், ஜெயிக்காமல், சும்மா இருந்துவிடுவது.

அந்த மூன்றாவது வழியில்தான் 1972-ல் போய் மாட்டிக்கொண்டான். மார்ச் கம்பெனி அந்த வருஷம் 721எக்ஸ் என்று ஒரு வண்டி செய்தது. கோஷ்டியின் நட்சத்திரம் ஸ்வீடனைச் சேர்ந்த ரோனி பீட்டர்ஸன். அவர் ஓட்டிப் பார்த்து, நன்றாயிருக்கிறது என்றார். லௌடா ஓட்டிப் பார்த்து, இது உதவாது என்றான். பணம் கட்டி வந்த பையனின் பேச்சை யார் கேட்கிறார்கள்? பீட்டர்ஸன் எதைக் கொடுத்தாலும் ஓட்டுகிற பிறவி. வண்டியின் கோளாறு அவர் கைத்திறனில் மறைந்து போயிற்று. கடைசியில் பையன் சொன்னதே சரி என்று ஆயிற்று. வண்டியைத் தூக்கி மூலையில் போட்டார்கள். ஆனால் வருஷம் முடிந்துவிட்டது. லௌடாவின் கணக்கில் ஒரு புள்ளிகூட இல்லை. அடுத்த வருஷம் உனக்கு ஃபார்முலா ஒன் வண்டி கிடையாது என்று மார்ச்சில் கையை விரித்துவிட்டார்கள்.

படிப்பு இல்லை. வேறு தொழில் தெரியாது. குடும்பத்தின் உறவு அறுந்தது. கழுத்து வரை கடன். பைஸ்டரிலிருந்து காரில் திரும்பி வரும்போது, எதிரே தெரிந்த சுவரில் நேராகக் கொண்டுபோய் மோதிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியதாக அவனே எழுதியிருக்கிறான். இருபத்து மூன்று வயது.

மோதவில்லை. பி.ஆர்.எம். என்ற பழைய ஆங்கிலக் கம்பெனியிடம் போனான். அதன் அதிபர் லூயிஸ் ஸ்டான்லி. பணம் தவணையாக வரும் என்று சொல்லி உள்ளே நுழைந்தான். தவணைக்குப் பணம் எங்கிருந்து வரும் என்பது அவனுக்கே தெளிவாகத் தெரியாது. ஒரு பந்தயத்தில் கிடைப்பதை எடுத்து அடுத்த தவணையைக் கட்டலாம் என்று கணக்கு. நம் ஊரில் ஒருவரிடம் வாங்கி மற்றவருக்குக் கொடுத்துக் காலம் தள்ளுகிற குடும்பஸ்தர்களுக்கு இந்தக் கணக்குப் புரியும். 1973 மொனாக்கோ பந்தயத்தில், வாழ்க்கையே கையை விட்டு நழுவுகிற சமயத்தில், அந்தப் பழைய வண்டியை மூன்றாவது இடத்துக்குக் கொண்டுவந்து, ஃபெராரியை ஓட்டிய ஜாக்கி இக்ஸைப் பின்னால் நிறுத்தி, இருபத்து நாலு சுற்று வரை போனான். பிறகு கியர் பெட்டி கெட்டுவிட்டது. புள்ளி இல்லை. பரிசு இல்லை. ஆனால் இத்தாலியில் மாரநெல்லோவில் ஒரு கிழவர் டெலிவிஷனில் பந்தயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ஸோ ஃபெராரி. அடுத்த வருஷம் லௌடா ஃபெராரியில், சம்பளத்துக்கு.

நல்ல முடிவுள்ள கதை என்று நினைத்துவிட வேண்டாம். அதே 1973-ல் ஜூலை 29, ஹாலந்தில் ஸாண்ட்ஃபோர்ட் மைதானம். ரோஜர் வில்லியம்ஸன் என்று இருபத்தைந்து வயது வாலிபன், லெஸ்டர் ஊர்க்காரன். அவனுக்குப் பாங்குக் கடன் தொல்லை இல்லை. அதே ஊர்க் கட்டிடக் கான்ட்ராக்டர் டாம் வீட்கிராஃப்ட் அவன் ஓட்டுவதைப் பார்த்து மனம் பறிகொடுத்து, சொந்தப் பிள்ளைக்குச் செய்வதுபோல் செலவை ஏற்றுக்கொண்டிருந்தார். பையன் ஃபார்முலா த்ரீயில் அடுத்தடுத்துப் பட்டங்கள் வாங்கினான். அவர் வாங்கிக் கொடுத்த ஆசனத்தில் அது அவனுடைய இரண்டாவது ஃபார்முலா ஒன் பந்தயம். வண்டி கவிழ்ந்து தீப்பிடித்தது. டேவிட் பர்லி என்ற சக போட்டியாளர் தம் வண்டியை நிறுத்திவிட்டு ஓடிவந்து, தனி ஆளாக அதை நிமிர்த்தப் பார்த்தார். முடியவில்லை. தீயணைக்கும் கருவியைப் பிடுங்கி அடித்துப் பார்த்தார். பக்கத்தில் நின்ற காவலர்களிடம் நெருப்பைத் தாங்கும் உடை இல்லை. மற்ற வண்டிகள் ஓடிக்கொண்டே இருந்தன. நிமிர்த்த முயன்றவரே விபத்தில் சிக்கியவர் என்றும், தப்பிவிட்டார் என்றும் பலர் நினைத்தார்களாம். பர்லி தளர்ந்துபோய் அங்கிருந்து நடந்து செல்வதை உலகமெல்லாம் டெலிவிஷனில் பார்த்தது.

பிள்ளையைப்போல் நினைத்தவனுக்குத் தாமே வாங்கிக் கொடுத்த வண்டி அது. வீட்கிராஃப்ட் என்ன பாடு பட்டிருப்பார் என்று ஊகிக்கலாம். அவர் டானிங்டன் பார்க் என்ற பாழடைந்த பந்தய மைதானத்தை விலைக்கு வாங்கிப் புதுப்பித்துக்கொண்டிருந்தவர். அந்த வேலையை விடவில்லை. 1977-ல் அங்கே மறுபடியும் பந்தயம் நடந்தது. 1993-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தையே அங்கே கொண்டுவந்து, மழையில் அயர்ட்டன் சென்னா ஜெயித்ததைப் பார்த்தார். 2003-ல் அந்த மைதானத்தில் வில்லியம்ஸனுக்கு ஒரு வெண்கலச் சிலை வைத்தார்கள்.

லௌடாவுக்கும் நெருப்பு காத்திருந்தது. 1976 ஆகஸ்ட் முதல் தேதி, ஜெர்மனியில் நூர்பர்க்ரிங். அதற்குள் அவர் உலக சாம்பியன். இனி 'அவன்' என்று எழுதுவது முறையல்ல. வண்டி மோதித் தீப்பற்றி எரிந்தது. நாலு போட்டியாளர்கள் வண்டியை நிறுத்திவிட்டு நெருப்புக்குள் புகுந்தார்கள். ஆர்ட்டுரோ மெர்ஸாரியோ பெல்ட்டை அவிழ்த்து இழுத்தார். மற்ற மூவர் கய் எட்வர்ட்ஸ், பிரெட் லங்கர், ஹரால்ட் எர்ட்ல். இந்தப் பெயர்களைச் சற்று நின்று பார்க்க வேண்டும். எட்வர்ட்ஸ், விளம்பரப் பணம் திரட்டுவதில் வல்லவர். அந்த வித்தையைப் பற்றிப் பின்னால் புத்தகமே எழுதினார். அவர் வண்டியில் அன்று இருந்தது ஒரு பெண் பட விளம்பரம். லங்கர், அமெரிக்காவின் டூபாண்ட் கோடீஸ்வரக் குடும்பத்து வாரிசு. எர்ட்ல் ஒரு பத்திரிகையாளர். பீர் கம்பெனி ஒன்றின் தயவில் பந்தயத்துக்கு வந்தவர். "காசு கொடுத்து ஆசனம் வாங்கியவர்கள்" என்று பந்தய உலகம் சற்று இளக்காரமாகப் பேசுகிற ரகம். முன்னணியில் ஓடியவர்கள் யாரும் அப்போது அந்த இடத்தில் இல்லை. பின்னால் வந்தவர்கள்தாம் இருந்தார்கள். கையைச் சுட்டுக்கொண்டவர்களும் அவர்கள்தாம்.

பாதிரியார் வந்து கடைசிப் பிரார்த்தனை செய்துவிட்டுப் போன பிறகு, ஆறே வாரத்தில் லௌடா மான்ஸாவில் ஓட்டி நாலாவதாக வந்தார். அந்த வருஷப் பட்டத்தை ஒரே புள்ளியில் ஜேம்ஸ் ஹன்டிடம் இழந்தார். 1977-லும் 1984-லும் திரும்பப் பெற்றார். எரிந்துபோன தலையையும் காதையும் மறைக்க ஒரு சிவப்புத் தொப்பி போட்டுக்கொண்டார். அந்தத் தொப்பியில் பெயரைப் போட்டுக்கொள்ள கம்பெனிகள் பணம் கொடுத்தன. 2019-ல் காலமாகும் வரை அந்தத் தொப்பி விளம்பர இடமாகவே இருந்தது. பாங்கியிடம் உயிரை ஈடு வைத்தவர், தழும்பை வாடகைக்கு விட்டதில் ஆச்சரியமென்ன?

நைஜல் மான்ஸெல் கதையில் பாங்கு இல்லை, வீடு இருந்தது. எஞ்சினியர் வேலையை உதறியவர். 1977-ல் பயிற்சி ஓட்டத்தில் கழுத்து எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்து, டாக்டர்களிடம் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வந்தவர். அடுத்த வருஷம் ஃபார்முலா த்ரீ ஓட்டுவதற்காக அவரும் மனைவி ரோஸேனும் குடியிருந்த வீட்டை விற்றார்கள். சில பந்தயங்களிலேயே அந்தப் பணம் கரைந்துவிட்டது. எனக்கு மான்ஸெலைவிட அந்த அம்மாளைப் பற்றித்தான் அதிகம் தெரிந்துகொள்ள ஆசை. கழுத்து முறிந்த புருஷன், மறுபடியும் அதே வேலைக்காக வீட்டை விற்கலாம் என்கிறான். அவளும் கையெழுத்துப் போடுகிறாள். மான்ஸெல் உலக சாம்பியன் ஆனது 1992-ல். நடுவில் பதினாலு வருஷம். பிரான்சில் எஸ்தபான் ஓகோன் என்ற பையனுக்காக அவன் பெற்றோர் வீட்டை விற்றுவிட்டு, வண்டியோடு இழுத்துச் செல்லும் கூண்டு வீட்டில் வாழ்ந்தார்கள். அவன் 2021-ல் ஹங்கேரியில் ஜெயித்தான். விற்ற வீடுகளில் இப்படி வெளியே தெரிந்தவை இரண்டு. தெரியாதவை எத்தனையோ.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், யுத்த காலத்து விமானத் தளத்தில் மோட்டார் பந்தயம் நடந்த நாட்கள் பலருக்கு ஞாபகம் இருக்கும். பிறகு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் நிரந்தர மைதானம் வந்தது. கோயமுத்தூரில் கரிவரதன் என்ற ஆலை முதலாளி குடும்பத்துப் பிள்ளை, மாருதி எஞ்சினை வைத்து ஒற்றை ஆசனப் பந்தய வண்டிகள் செய்தார். வெளிநாட்டு வண்டி வாங்க வழியில்லாத பையன்களும் ஓட்டிப் பழகலாமே என்பது நோக்கம். 1995-ல் விமான விபத்தில் இறந்துபோனார். கோவையில் உள்ள பந்தய மைதானம் அவர் பெயரில் இருக்கிறது. அந்த மாருதி வண்டியில் ஆரம்பித்தவர்களில் ஒருவர் நரேன் கார்த்திகேயன். 1977-ல் சென்னையில் பிறந்த கோவைக்காரர். தகப்பனாரும் பந்தயம் ஓட்டியவர்.

பதினாறாம் வயதில் ஐரோப்பாவுக்குப் போனார். 1994-ல் இங்கிலாந்தில் ஃபார்முலா ஃபோர்டு குளிர்காலப் போட்டியில் பட்டம். ஐரோப்பாவில் அப்படிப் பட்டம் வாங்கிய முதல் இந்தியர். 1996-ல் ஆசியப் பட்டம். 2001-ல் ஜாகுவார் கோஷ்டியின் ஃபார்முலா ஒன் வண்டியை ஓட்டிப் பார்த்தார். வேகம் உண்டு என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. 2004-ம் வருஷத்துக்கு மினார்டி என்ற சிறிய இத்தாலியக் கோஷ்டி ஆசனம் தரத் தயாராயிருந்தது, பணம் கொண்டுவந்தால். பணம் சேரவில்லை. நூறு கோடி ஜனங்கள் உள்ள தேசம். கிரிக்கெட் மட்டையில் ஒட்டுகிற துண்டுச் சீட்டுக்குக் கோடி கொடுக்கிற கம்பெனிகள். ஓர் ஆசனத்துக்கு அந்த வருஷம் பணம் பெயரவில்லை.

2005-ல் டாட்டா முதலியோர் துணை நிற்க, ஜோர்டன் கோஷ்டியில் இடம் கிடைத்தது. ஃபார்முலா ஒன்னில் முதல் இந்தியர். ஜூன் மாதம் இண்டியானாபொலிஸில், மிஷெலின் டயர் போட்ட பதினாலு வண்டிகளும் பாதுகாப்பில்லை என்று விலகிக்கொள்ள, ஆறே வண்டிகள் ஓடின. நரேன் நாலாவது. ஐந்து புள்ளி. ஜனங்கள் கூச்சல் போட்டார்கள், பாட்டில் வீசினார்கள். அவர் செய்த குற்றம் ஒன்றுமில்லை. மற்ற எல்லா வருஷங்களையும் சேர்த்துப் பார்த்தாலும் அவருக்குக் கிடைத்த புள்ளிகள் அவைதாம். 2010-ல் சென்னையிலிருந்து கருண் சாந்தோக் என்ற இன்னொரு பிள்ளை ஹிஸ்பானியா என்ற புது ஸ்பானிஷ் கோஷ்டியில் சேர்ந்தார். பத்துப் பந்தயம் முடிந்ததும் அவரை இறக்கிவிட்டு வேறு ஆளை ஏற்றினார்கள்.

2011-ல் அதே ஹிஸ்பானியாவில் நரேனுக்கு ஆசனம் கிடைத்தது. ஏழு பந்தயம் ஓட்டினார். ஜூலையில் சில்வர்ஸ்டோனுக்கு வந்தபோது அந்த ஆசனத்தில் டேனியல் ரிக்கார்டோ என்ற இருபத்திரண்டு வயது ஆஸ்திரேலிய வாலிபன் இருந்தான். ரெட் புல் பானக் கம்பெனி அவனை வளர்த்தது. அவன் பழகிக்கொள்ள ஓர் ஆசனத்தை விலைக்கு வாங்கியிருந்தது. நல்ல பையன், அபாரத் திறமை. பின்னாளில் எட்டுப் பந்தயம் ஜெயித்தான். அவன் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. நரேன் ஒதுங்கி நின்றார்.

அக்டோபர் 30, டில்லிக்கு அருகே கிரேட்டர் நோய்டாவில் புதிதாகக் கட்டிய புத்தா மைதானத்தில் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் பந்தயம். இந்தியர் ஒருவர் ஓடாவிட்டால் நன்றாயிராது என்று பட்டிருக்க வேண்டும். அந்த ஒரு பந்தயத்துக்கு மட்டும் கோஷ்டியின் மற்றொரு வண்டியை நரேனுக்குக் கொடுத்தார்கள். நாலு மாதம் ஃபார்முலா ஒன் பந்தயம் ஓட்டாதவர். வண்டியோ மைதானத்திலேயே மெதுவான வண்டிகளில் ஒன்று. பதினேழாவதாக வந்தார். அதே கோஷ்டியின் அடுத்த வண்டியில் ரிக்கார்டோ, அவன் பதினெட்டாவது.